முன் மண்டபத்துத் தறி

ஒரு ஸ்தாபனம் எதைப் பெரிதாக மதிக்கிறது என்பதை அறிய விரும்புவோர் அதன் ஆண்டறிக்கையைப் படிக்க வேண்டுவதில்லை. அதன் முன் மண்டபத்தில் சற்று நின்று பார்த்தாலே போதும். சில இடங்களில் நிறுவியவரின் சிலை இருக்கும். சில இடங்களில் கேடயங்களும் கோப்பைகளும் கண்ணாடி அலமாரியில் பளபளக்கும். வேறு சில இடங்களில் மாலை காய்ந்த படங்கள் மட்டுமே தொங்கும். வருபவர் கண்ணில் முதலில் படும் பொருளே அந்த ஸ்தாபனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் முதல் வாக்கியம். அவ்வாக்கியம் மெய்யா, வெறும் அலங்காரமா என்பது உள்ளே நடக்கும் வேலையைப் பார்த்த பிறகே விளங்கும்.

ஜப்பான் நாட்டில் நகோயா என்னும் நகரம் இருக்கிறது. உலகெங்கும் மோட்டார் கார்களை விற்கும் டொயோட்டா குழுமத்து நிறுவனங்கள் கூடி, அந்நகரத்தில் 1994-ஆம் ஆண்டு ஒரு நினைவுக் காட்சிச்சாலையைத் திறந்தன. பழைய செங்கல் நெசவாலை ஒன்றே காட்சிச்சாலையாக மாற்றி அமைக்கப்பட்டது. அதன் முன் மண்டபத்தில் நுழைவோர், கார் உற்பத்தியால் பெயர் பெற்ற குழுமமாயிற்றே, ஒரு காரைத்தான் முதலில் காண்போம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அங்கே நடுநாயகமாக நிற்பது ஒரு தறி. அதுவும் நாம் எங்கும் கண்டிராத வட்ட வடிவத் தறி. நெசவாளரும் விவசாயிகளுமாகிய நமது அங்கத்தினர்கள் அத்தறியின் கதையை அறிந்துகொள்வது நன்று; அதிலிருந்து நமது சங்கங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடமும் ஒன்று உண்டு.

தச்சர் மகனின் தறி

சாகிச்சி டொயோடா 1867-இல் பிறந்தவர். (குடும்பத்தின் பெயர் டொயோடா, காருக்கு அமைந்த பெயரே டொயோட்டா.) இன்றைய கொசாய் நகரத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரே அவர் பிறந்த ஊர். தந்தை தச்சு வேலையும் விவசாயமும் செய்தவர். அவ்வூர்ப் பெண்கள் வயல் வேலை போக மீந்த நேரத்தில் தறியில் அமர்ந்து நெய்து குடும்ப வருவாய்க்குத் துணை செய்தார்கள். தாயும் அண்டை வீட்டாரும் தறியில் பட்ட பாட்டைக் கண்டே சாகிச்சியின் மனம் தறியைத் திருத்துவதில் ஊன்றியது என்பர்.

1890-இல் தோக்கியோ நகரில் நடந்த தொழிற் கண்காட்சியில் அவர் யந்திரங்களைக் கண்டார். அவ்வாண்டே தமது முதல் மரக் கைத்தறியைச் செய்து முடித்தார். அடுத்த ஆண்டு அதற்கு உரிமைப் பட்டயமும் பெற்றார். அதுவரை வழக்கிலிருந்த தறியில் ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்க, மறு கை அச்சுப் பலகையை அடிக்க வேண்டியிருந்தது. பலகையை முன்னும் பின்னும் அசைக்கும் ஒரே கையின் வேலையால் நாடாவும் ஓடும்படி சாகிச்சி இணைத்துவிட்டார். இதனால் நெசவின் அளவு 40 முதல் 50 சதவிகிதம் வரை கூடியது. வேகம் கூடியதோடு துணியின் சீரும் கூடியது. இதிலுள்ள அருமையை வெளியாருக்கு விளக்குவதற்குப் பக்கங்கள் வேண்டும். தறியில் அமர்ந்தவருக்கு ஒரு வரி போதும்.

1896-இல் மரமும் இரும்பும் கலந்த விசைத்தறியைச் செய்தார். ஜப்பானில் உருவான முதல் விசைத்தறி அதுவே. ஊடை இழை அறுந்தாலும் தீர்ந்தாலும் தறி தானே நின்றுவிடும் அமைப்பு அதில் இருந்தது. இங்கிலாந்துத் தறிகளில் இத்தகைய அமைப்பு அதற்கு முன்பே உண்டு. ஆகவே எண்ணம் முற்றிலும் புதிதென்று கூறுவது நியாயமாகாது. ஆனால் ‘இழை அறுந்தால் நிற்பது’ என்னும் ஒன்றையே தம் வாழ்நாள் முழுவதற்கும் உரிய கொள்கையாகக் கொண்டவர் இவர்.

வட்டத் தறி

மண்டபத்தில் நிற்கும் வட்டத் தறி 1906-இல் அவர் கண்ட உபாயம். சாதாரணத் தறியில் நாடா ஒரு பக்கம் எறியப்பட்டு, மறு பக்கம் மோதி நின்று, மீண்டும் திருப்பி எறியப்படுகிறது. ஓட்டுவதற்கும் விசை செலவாகிறது. நிறுத்துவதற்கும் விசை செலவாகிறது. இரைச்சலோ சொல்லத் தரமன்று. நாடா திரும்பவே வேண்டாமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே ஊடையை இட்டுச் செல்லுமானால் இவ்வளவு வீண் செலவும் இல்லை என்பது அவர் கருத்து. அத்தறியில் துணி குழாய் வடிவில் இறங்கும்.

பல நாடுகளில் உரிமைப் பட்டயம் பெற்ற அத்தறி, அவர் காலத்தில் வியாபாரத் துறையில் பரவவில்லை. இலாபம் தந்த தறி வேறு. மண்டபத்தில் நிற்கும் தறி வேறு. பணம் ஈட்டித் தந்ததை மட்டும் பெருமையாகக் காட்டாமல், பயன் கருதாது முயன்றதையும் முன்னே நிறுத்தியிருக்கிறார்களே, அது போற்றத் தக்கது. அத்தத்துவமும் வீண் போகவில்லை. இன்று நமது விவசாயிகள் வீட்டுக்குக் கொண்டுவரும் உர மூட்டைகளில் பெரும்பாலானவை நெய்த பிளாஸ்டிக் சாக்குகள். அவை வட்டத் தறிகளில் குழாயாக நெய்யப்பட்டு, அறுத்து, அடியில் தைக்கப்படுபவையே. இச்சாக்கைப் பற்றிப் பின்னர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கட்டடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1907-இல் வெளியார் முதலீட்டுடன் அமைந்த தறிக் கம்பெனியில் சாகிச்சி பொறுப்பேற்றிருந்தார். வியாபாரம் மந்தமானபோது பழி ஆராய்ச்சியின் மீது விழுந்தது. 1910-இல் அவர் விலக நேர்ந்தது. பங்குப் பணத்துக்குரியவர்களின் சொல் ஓங்க, தறியைக் கண்டவர் வெளியேறினார். அவர் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சுற்றி வந்து, 1911-இல் தனியே நிறுவிய நெசவாலை இருந்த இடத்திலேதான் இன்றைய காட்சிச்சாலை நிற்கிறது.

தறியிலிருந்து காருக்கு

1924-இல் அவரும் மகன் கீச்சிரோவும் பிறரும் சேர்ந்து ‘ஜி’ வகைத் தானியங்கித் தறியை முடித்தார்கள். நாடாவில் ஊடை தீரும் தருணத்தில், ஓடும் தறி நிற்காமலே புதிய நாடா உள்ளே தள்ளப்படும். பாவு இழை ஒன்று அறுந்தாலோ, தறி உடனே நின்றுவிடும். ஒவ்வோர் இழையும் ஒரு மெல்லிய உலோகத் தகட்டைத் தாங்கி நிற்கும். இழை அறுந்தால் தகடு விழும். விழுந்த தகடு ஓட்டத்தைத் தடுக்கும். வீண் நிறுத்தம் இல்லை. வேண்டிய நிறுத்தம் தவறுவதும் இல்லை.

1926-இல் தறித் தொழிற்சாலை எழுந்தது. 1929-இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரத்துப் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி அத்தறியின் உரிமையை 1,00,000 பவுனுக்குப் பெற ஒப்பந்தம் செய்தது. இந்தியாவின் பழைய ஆலைகள் பலவற்றில் அக்கம்பெனியின் பெயர் பொறித்த யந்திரங்கள் ஓடியதுண்டு. உலகுக்கு யந்திரம் விற்றவர்கள், தச்சர் மகன் ஒருவரிடம் யந்திரத்தின் உரிமையைக் கேட்டு வந்தார்கள்! மறு ஆண்டு சாகிச்சி காலமானார். தறித் தொழிற்சாலையிலேயே 1933-இல் மோட்டார்ப் பிரிவு தொடங்கியது. 1937-இல் அது தனிக் கம்பெனி ஆயிற்று.

கார் வந்த பிறகு தறி மறக்கப்பட்டதா? இல்லை. டொயோட்டா தொழிற்சாலைகளில் கார் கோக்கும் வரிசையில் தொழிலாளியின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கயிறு தொங்கும். சில இடங்களில் அதற்குப் பதில் பொத்தான் இருக்கும். குறையைக் காணும் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், மேற்பார்வையாளர் வந்து நிற்பார். குறிப்பிட்ட நேரத்துக்குள் குறை தீர்ந்தால் வரிசை தொடர்ந்து ஓடும், தீராவிட்டால் நிற்கும். தறியில் தகடு செய்த வேலையை இங்கே மனிதர் செய்கிறார். இதுவே நாம் கவனிக்க வேண்டியது. முன் மண்டபத்தில் தறி நிற்பது பெரிதன்று. அத்தறியின் விதி உள்ளே வேலைக்கூடத்திலும் உயிரோடு இருப்பதே பெரிது.

ஒரு நியாயமான ஆட்சேபம்

“ஒரே ஆள் 30-க்கும் மேற்பட்ட தறிகளைக் கவனிக்கச் செய்த யந்திரத்தைக் கைத்தறியாளர் பத்திரிகையில் புகழலாமா?” என்று அங்கத்தினர் சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. தறி தானே நிற்கும் என்றால் அருகே ஆள் நிற்க வேண்டுவதில்லை. ஆள் வேண்டாம் என்றால் பலருக்குப் பிழைப்பு இல்லை. தாயின் பாட்டைக் குறைக்கப் பிறந்த எண்ணம் வேறொரு தாயின் வேலையைப் பறிப்பதும் உண்டு. நம் நாட்டில் 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் தொகை 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சமாகிவிட்டது. இவர்களில் பெண்களே மிகப் பெரும்பாலோர். இக்கணக்கை அறிந்த எவரும் யந்திரத்தின் புகழை மட்டும் பாடிச் சும்மா இருக்க முடியாது.

ஆயினும் யந்திரம் யார் கையில் இருக்கிறது, அதன் ஆதாயம் யாருக்குச் சேர்கிறது என்பதே அடிப்படைக் கேள்வி. அக்கேள்விக்கு விடையாகவே கூட்டுறவு பிறந்தது. தறியின் உரிமையைப் பெற்ற ஓல்டாமுக்குச் சில மைல் தொலைவில்தான் ராச்டேல் இருக்கிறது. அங்கே 1844 டிசம்பர் 21-ஆம் நாள் தேரைச் சந்துக் கடையைத் திறந்த 28 பேரில் பலர் நெசவாளிகள். சுத்தமான சரக்கு, சரியான எடை, ஆளுக்கு ஒரு வாக்கு என்பவை அவர்கள் வகுத்த விதிகள். அக்கடையும் இன்று காட்சிச்சாலையே. பங்குப் பணம் சாகிச்சியை வெளியேற்றியது போல, ஆளுக்கு ஒரு வாக்குள்ள சங்கத்தில் பணத்தின் பலத்தால் எவரையும் வெளியேற்ற இயலாது.

மேலும், கைத்தறிக்கு நின்று எச்சரிக்கும் தகடு தேவையே இல்லை. நெய்பவரின் கண்ணே தகடு. பாவில் ஓரிழை அறுந்தால் கால் மிதியை விட்டு நின்றுவிடும். விரல் இழையைத் தேடிப் பிணைக்கும். பிறகே நாடா ஓடும். தறியில் அமர்ந்திருக்கும்வரை நாம் இவ்விதியைத் தவறுவதில்லை. தறியை விட்டு எழுந்து சங்கக் கூட்டத்துக்கு வந்தவுடன் இதை மறந்துவிடுகிறோமே, அதுதான் வருந்தத் தக்கது.

அறுந்த இழைகள்

சங்க வேலையில் இழை அறுவது எப்படியென்று நாம் அறியாதவர்கள் அல்லோம். வாங்கிய நூலில் சிட்டத்தின் எடை குறைகிறது. ‘இந்தத் தடவை போகட்டும்’ என்கிறோம். ஒரு மாதக் கூலி பத்து நாள் தாமதமாகிறது; ‘பண்டிகை விற்பனையில் சரிக்கட்டலாம்’ என்கிறோம். ஒரு ரகச் சேலை கிடங்கில் தேங்குகிறது. அதே ரகத்துக்கே மறுபடியும் பாவு கொடுக்கிறோம். தணிக்கையாளர் சிறு குறை ஒன்றைக் குறித்து வைக்கிறார். அடுத்த ஆண்டும் அதே குறையை அதே வாக்கியத்தில் குறிக்கிறார். ஒவ்வொன்றும் ஓர் இழைதான். ஆனால் அறுந்த இழையோடு பத்து முழம் நெய்த பின் துணியைப் பிரித்துத் திருத்த முடியுமா? கடன் பெருகிச் சங்கம் கலையும் நிலைக்கு வந்த பின் ஆராய்ச்சி செய்து என்ன பயன்?

விவசாயிகளின் பக்கத்திலும் இதுவே கதை. முன்னே சொன்ன பிளாஸ்டிக் சாக்கை எடுத்துக்கொள்வோம். பருத்தி எடுப்பவர் அவசரத்துக்குப் பழைய உரச் சாக்கில் பஞ்சைத் திணிக்கிறார். சாக்கின் ஓரத்து நார் பிய்ந்து பஞ்சோடு கலக்கிறது. நிறம் ஏறக்குறைய ஒன்றாதலால் ஜின்னிங் ஆலையில் கண்ணுக்குத் தெரிவது அரிது. அந்நார் துண்டு துண்டாகி நூலில் ஏறுகிறது. நூல் தறிக்கு வருகிறது. துணி சாயத் தொட்டிக்குப் போகிறது. பஞ்சில் சாயம் ஏறும். இந்த நாரில் ஏறாது. நீலத் துணியில் வெள்ளைப் புள்ளியாக அது அப்போதுதான் தலைகாட்டும். துணி கழிவாகிறது, நெசவாளியின் கூலி பிடிக்கப்படுகிறது, சாயக்காரர் பழியேற்கிறார், நம் நாட்டுப் பஞ்சுக்கே கெட்ட பெயர் வருகிறது. வயலில் ஒரு துணிப்பையைக் கையில் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் காரியம் இது. முதல் இடத்தில் நிறுத்தினால் செலவு ஒரு பை. கடைசி இடத்தில் கண்டால் செலவு ஒரு பாவு முழுவதும்.

இந்த ஓர் உதாரணம் விவசாயியையும் நெசவாளியையும் ஒரே கயிற்றில் கட்டிக் காட்டுகிறது. ஒருவர் கவனியாது விட்ட இழையின் கூலியை மற்றவர் கொடுக்கிறார். ஒரே பத்திரிகையை இருவரும் வாசிப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமோ?

நிறுத்துவதற்கு உரிமை

நமது சங்கங்களில் குறையைக் காண்பவர் இல்லாமல் இல்லை. நூலின் குறையை முதலில் அறிபவர் தார் சுற்றும் பெண். மூட்டையின் ஈரத்தை முதலில் அறிபவர் எடை போடும் ஆள். ஆனால் கண்டவருக்கு நிறுத்தும் உரிமை இல்லை. உரிமை உள்ளவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. தெரியும்போது ஆண்டறிக்கை அச்சாகிவிடுகிறது. கண்ணையும் கையையும் இணைத்ததுதான் அந்தத் தகடு. அதைப் போன்ற ஒன்றை நமது சங்கங்களில் அமைப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

ஒவ்வொரு சங்கத்தின் முன் கூடத்திலும், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், ஒரு குறிப்பேடு வைக்கலாம். நூலிலோ, எடையிலோ, கூலியிலோ, கணக்கிலோ குறை கண்ட எந்த அங்கத்தினரும் தேதியிட்டு எழுதலாம். எழுதத் தெரியாதவர் சொல்ல, வேறொருவர் எழுதலாம். ஏழு நாட்களுக்குள் காரியதரிசி அதன் கீழேயே பதில் எழுத வேண்டும். பதில் இல்லாத குறைகளை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டம் முதற் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும். நூலைப் பற்றியோ சரக்கைப் பற்றியோ எழுந்த குறையானால், அது தீரும்வரை அந்த நூலைப் பட்டுவாடா செய்யக் கூடாது. அந்தச் சரக்கை விற்பனைக்கு அனுப்பக் கூடாது. ஆண்டுப் பொதுக்குழுவில் இக்குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படிக்க வேண்டும். எழுதியவர் பெயருக்குத் தீங்கு வராமல் காப்பது தலைவரின் கடமை.

“இப்படிச் செய்தால் வேலை தினமும் நின்றுபோகும், வேண்டாதவர்கள் வம்புக்கு எழுதுவார்கள்” என்று நிர்வாகிகள் அஞ்சக்கூடும். வம்புக்கு எழுதியதைப் பொதுக்குழுவில் படித்தால் எழுதியவரே நாணுவார். வேலை நிற்கும் என்பதற்குக் கார்த் தொழிற்சாலைக் கயிறே பதில். கயிற்றை இழுக்கும் போதெல்லாம் அங்கே வரிசை நிற்பதில்லை. உடனே ஆள் வந்து கவனிப்பதால் பெரும்பாலும் ஓட்டம் தடைப்படாமலே குறை தீர்கிறது. குறையைக் கேட்க ஆள் வராத இடத்தில்தான் கடைசியில் எல்லாம் ஒரேயடியாக நிற்கும்.

கேடயங்களையும் படங்களையும் அகற்ற வேண்டும் என்று நாம் கூறவில்லை. முன்னோரை மதிப்பது நமது வழக்கம். ஆனால் அவற்றின் அருகே சங்கத்தின் பழைய தறி ஒன்றையோ, முதல் எடைத் தராசையோ கொண்டுவந்து வையுங்கள். அதன் பக்கத்தில் இக்குறிப்பேடும் திறந்தபடி இருக்கட்டும். தறி, நாம் யார் என்பதைச் சொல்லும். குறிப்பேடு, அச்சொல் மெய்யென்று காட்டும். குறிப்பேடு இல்லாத தறி வெறும் மரச்சாமான்.

இவ்வாண்டுப் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு தீர்மானமாகச் சேர்க்கும்படி அங்கத்தினர்கள் தத்தம் நிர்வாகக் குழுவுக்கு எழுதுவார்களாக. அறுந்த இழையைக் கண்ட இடத்திலேயே நின்று பிணைப்பது நம் தொழில் நமக்குக் கற்பித்த ஒழுக்கம். அவ்வொழுக்கம் தறிக்குழியோடு நின்றுவிடாமல், சங்கத்தின் முன் கூடத்துக்கும் கணக்கு அறைக்கும் கிடங்குக்கும் பரவட்டும்.